முத்தும் பெரிலும்: இரு மணிப்பெயர்களின் ஐரோப்பிய வழக்கும் கொங்குநாட்டுச் சான்றுகளும்

ஆய்வுச் சுருக்கம்

பண்டைய உரோமானியர் தமிழகத்திலிருந்து பெற்ற மணிகளுள் முத்தும் பெரிலும் குறிப்பிடத்தக்கவை. முத்து பாண்டிநாட்டுக் கொற்கைக் கடலுக்கும், பெரில் கொங்குநாட்டுப் படியூர்ப் பகுதிக்கும் உரியவை. இவ்விரண்டனுள் புகழ் மிக்கது முத்தே. எனினும் அதன் தமிழ்ப்பெயர் ஐரோப்பியப் பெருமொழிகள் எதிலும் பொதுப்பெயராக நிலைபெறவில்லை. பெரிலின் இந்தியப் பெயரோ கிரேக்கத்தின் வழியாக மேலை மொழிகள் பலவற்றிற்கும் சென்று, மூக்குக்கண்ணாடியைக் குறிக்கும் செருமானியச் சொல்வரை கிளைத்துள்ளது. இவ்வேறுபாட்டிற்கான காரணத்தைச் சொல்வரலாறு, தொல்லியல், இலக்கியச் சான்றுகள் ஆகியவற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு பொருளின் பிறப்பிடமும் அப்பொருட்பெயரின் பிறப்பிடமும் ஒன்றாகவே இருக்கும் என்னும் எண்ணம் மறு ஆய்வுக்குரியது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: முத்து, மார்கரித்தேஸ், பெரில், வைடூரியம், படியூர், கொடுமணல், பிராகிருதம், குருந்தம்.

முன்னுரை

பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தில், செல்வக் கடுங்கோ வாழியாதனைக் கபிலர் பாடிய 67ஆம் பாட்டு, பாணனை அம்மன்னனிடம் ஆற்றுப்படுத்துகிறது. அங்குச் சென்றால் கொடுமணத்து நன்கலங்களும் தெளிந்த கடலின் முத்தும் கிடைக்கும் என்பது அதன் கருத்து. மேட்டுநிலத்து அணிகலனும் கடல்முத்தும் ஒரே பரிசிலின் இரு பகுதிகளாக இங்கு இணைகின்றன. கொடுமணம் என்பது ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றின் வடகரையில் உள்ள இன்றைய கொடுமணல் என அறிஞர் கொள்வர். பாட்டில் அருகருகே நின்ற இவ்விரு பொருள்களும் கடல் கடந்து மேற்கே சென்றபோது அவற்றின் பெயர்கள் ஒரே வகையில் செல்லவில்லை. ஒன்று பெயரின்றிச் சென்றது. மற்றொன்று பெயரோடு சென்றது.

தமிழ்ச் சொற்கள் பிறமொழிகளில் கலந்தமை பற்றிய ஆய்வுகளில் அரிசி, இஞ்சி, மிளகு முதலிய விளைபொருட் பெயர்கள் மிகுதியாகப் பேசப்பட்டுள்ளன. மணிப்பெயர்கள் அவ்வளவு விரிவாக ஆராயப்படவில்லை. ஆராயப்பட்ட இடங்களிலும் ஒலி ஒப்புமை ஒன்றே போதிய சான்றாகக் கொள்ளப்படும் போக்கு உண்டு. ஒரு சொல் முதன்முதல் எந்நூலில் எக்காலத்தில் பதிவாகியுள்ளது, இடைப்பட்ட மொழிகளில் அதன் வடிவம் யாது, ஒலிமாற்றம் பிற சொற்களிலும் அவ்வாறே நிகழ்ந்துள்ளதா என்னும் வினாக்களை எழுப்பாமல் பெறப்படும் முடிவுகள், தமிழின் தொன்மையை நிறுவுவதற்குப் பதிலாக உறுதியான சான்றுகளையும் ஐயத்திற்கு உள்ளாக்கிவிடுகின்றன.

முத்தின் ஐரோப்பியப் பெயர்கள்

கிரேக்க மொழியில் முத்தைக் குறிக்கும் பழஞ்சொல் மார்கரித்தேஸ். அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோபிராஸ்டஸ் கற்களைப் பற்றிய தம் நூலில் இச்சொல்லை ஆள்கிறார். ஆகவே கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் கிரேக்கர் முத்தையும் அதன் பெயரையும் அறிந்திருந்தனர். இலத்தீனில் இது மார்கரிதா ஆயிற்று. இன்று மேலைநாட்டுப் பெண்கள் தாங்கும் மார்கரெட், மார்கரித் முதலிய பெயர்களின் மூலம் இதுவே.

இச்சொல் இந்தியாவுக்குரியது என்னும் கருத்து புதியதன்று. மெகஸ்தனிசின் செய்திகளை எடுத்தாளும் அரியன், தம் இண்டிகா நூலில், ஹெராக்ளிஸ் தன் மகள் பாண்டேயாவுக்கு அணியாகக் கடலிலிருந்து முத்தைக் கண்டெடுத்ததாகக் கூறுமிடத்தில், இந்தியர் தம் மொழியிலும் அதனை மார்கரித்தா என்றே அழைப்பதாகக் குறிக்கிறார். பாண்டிய நாட்டோடும் முத்தோடும் தொடர்புடைய இப்பகுதி தமிழாய்வாளரைக் கவர்வது இயல்பே. ஆயினும் தமிழில் முத்து, முத்தம், நித்திலம், தரளம், ஆரம் என வழங்கும் பெயர்களுள் ஒன்றும் மார்கரித்தேஸ் என்பதன் மூலமாக அமையவில்லை. வடமொழி மஞ்சரி என்பதனோடு இதனை இணைத்தோர் உண்டு. அச்சொல்லின் முதன்மைப் பொருள் பூங்கொத்து என்பதால் அவ்விணைப்பு வலுவற்றது. மாறாக, இடைக்காலப் பாரசீகத்தில் மர்வாரித் எனவும் இக்காலப் பாரசீகத்தில் மொர்வாரீத் எனவும் வழங்கும் சொல் முத்தையே குறிப்பது, வடிவாலும் நெருக்கமானது. எனவே கிரேக்கர் இச்சொல்லை ஈரானிய மொழியொன்றிலிருந்து பெற்றனர் என்பதே பெரும்பான்மையோர் கருத்து. பாரசீக வளைகுடாவின் முத்துக்குளிப்பு இதற்குப் பொருத்தமான பின்புலமாகும். வேற்றுநாட்டார் ஒருவர் இந்தியர் இவ்வாறு அழைக்கின்றனர் என எழுதியமை, அச்சொல்லை அவர் இந்தியர் வாயிலாகக் கேட்டார் என்பதற்குக்கூட முழுச்சான்றாகாது. இடைநின்று மொழிபெயர்த்தவர் ஈரானியராக இருப்பின் அவர் சொல்லே பதிவாகியிருக்கும்.

உரோமானியரிடம் மற்றொரு பெயரும் இருந்தது. பெருமுத்துகளை அவர்கள் ஊனியோ என்றனர். ஒன்றைப் போல் மற்றொன்று இராமையால், 'ஒன்று' என்னும் பொருளுடைய இப்பெயர் அமைந்தது எனப் பிளினி விளக்குகிறார். செங்கடற் செலவு நூல் எனப்படும் பெரிப்ளூஸ், கொற்கையின் முத்துக்குளிப்பைப் பற்றிக் கூறுமிடத்தில் சிப்பியின் கிரேக்கப் பெயரடியாகப் பிறந்த பினிக்கோன் என்னும் சொல்லை ஆள்கிறது. கொற்கையைக் கொல்கோய் எனப் பெயர் சுட்டிக் கூறும் நூல், அங்கு எடுக்கப்படும் பொருளுக்கு மட்டும் தன் மொழிச் சொல்லையே பயன்படுத்துகிறது என்பது கருதத்தக்கது. ஊர்ப்பெயர் புதிது, ஆதலின் கேட்டவாறே எழுதப்பட்டது. பொருள் பழகியது, ஆதலின் பழகிய பெயரே போதுமானதாயிற்று.

மார்கரித்தேஸ் வடக்கே சென்றபோது நிகழ்ந்த மாற்றம் சொல்லாராய்ச்சியாளர்க்கு ஓர் எச்சரிக்கை. கோத்திய மொழியில் அது மரிக்ரீத்துஸ் என வழங்கியது. பழைய ஆங்கிலத்தில் மெரெகிரோத் என்றாயிற்று. அம்மொழியில் மெரெ என்பது கடல். கிரோத் என்பது துகள். பழைய உயர்செருமானியத்திலும் கடல், பரல் என்னும் பொருள் தரும் இரு சொற்களின் கூட்டாகவே இப்பெயர் வழங்கியது. பொருள் விளங்காத அயற்சொல்லைத் தம் மொழிச் சொற்களால் ஆனதாக மக்கள் மாற்றிக்கொண்டதன் விளைவு இது. வரலாறு அறியாத ஒருவர் மெரெகிரோத் என்பதைக் கண்டு, கடற்பரல் என்னும் செருமானியப் பொருளே மூலம், அதிலிருந்தே கிரேக்கச் சொல் பிறந்தது என வாதிட முடியும். வாதம் அழகாகவும் பொருத்தமாகவும் இருக்கும். முற்றிலும் தவறாகவும் இருக்கும்.

இன்றைய ஐரோப்பிய மொழிகளில் பெருவழக்காக உள்ள பெர்லா, பெர்ல், பேர்ள் முதலியவை இடைக்கால இலத்தீனில் தோன்றிய பெர்லா என்பதன் வழிவந்தவை. பன்றியின் தொடையைக் குறித்த இலத்தீன் பெர்னா என்னும் சொல், வடிவ ஒப்புமையால் ஒருவகைச் சிப்பிக்கும் பெயராயிற்று. அதன் குறுக்க வடிவமே பெர்லா என்பர். பேரிக்காயைக் குறிக்கும் சொல்லோடு இணைப்போரும் உளர். உருசிய மொழியின் ஜெம்சுக் துருக்கியத்தின் வழியாகச் சீனத்தோடு தொடர்புடையது. போர்த்துக்கேயரும் இசுபானியரும் சிறுமுத்துகளுக்கு வழங்கும் அல்ஜோபர் அரபுமொழி தந்தது. பாரசீகம், அரபு, இலத்தீன், சீனம் என நான்கு திசைகளிலிருந்து பெயர்கள் வந்து சேர்ந்த இப்பட்டியலில், உலகின் சிறந்த முத்துக் கடல்களுள் ஒன்றைத் தன்பால் கொண்டிருந்த தமிழுக்கு இடமில்லை.

இதற்குத் தமிழகத்தின் வணிகக் குறைவு காரணமன்று. பெரிப்ளூஸ் முசிறி, நெல்கிந்தா துறைமுகங்களின் ஏற்றுமதிப் பட்டியலில் முத்தைச் சேர்க்கிறது. கௌடலியரின் அர்த்தசாத்திரம் முத்து வகைகளைக் கூறுகையில் தாமிரபரணியையும் பாண்டிய நாட்டையும் சுட்டுகிறது. கிழக்கே முத்து என்னும் சொல்லுக்கு வரவேற்பு இருந்தது. மலாய் மொழியின் முத்தியாரா, தமிழ் முத்தாரத்தோடோ வடமொழி முக்தாஹாரத்தோடோ தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. மேற்கே மட்டும் அச்சொல் நுழையவில்லை. கொற்கை முத்து உரோம் நகரை அடைந்தபோது அதற்குரிய பெயர் அங்கு முன்பே இருந்தது என்பதே காரணம். பிற்காலத்தில் முத்துக்குளிப்பை ஆண்ட போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகியோரும் முத்துக்குத் தம் பெயரையே வழங்கினர். ஆனால் தரம்பிரிப்பதற்குத் தமிழ் வணிகரையே சார்ந்திருந்தமையால் ஆணி, வடிவு, தூள் போன்ற முத்தின் தரப்பெயர்கள் ஆங்கில அறிக்கைகளில் தமிழாகவே இடம்பெற்றன. தம்மிடம் இல்லாததற்கு மட்டுமே சொல் கடன் வாங்கப்பட்டது.

படியூரும் கொடுமணலும்

பெரில் என்பது பெரிலியமும் அலுமினியமும் சேர்ந்த சிலிகேட்டுக் கனிமம். ஆறு பக்கப் பட்டகமாகப் படிகமுறுவது. வெளிர்நீலம், கடற்பச்சை, மஞ்சள் எனப் பல நிறங்களில் கிடைப்பது. பச்சை நிறம் செறிந்து கிடைக்கும் வகையே மரகதம். திருப்பூர் மாவட்டம் காங்கேயம் வட்டத்திலுள்ள படியூர் இக்கல்லுக்குப் பெயர்பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1819-20 அளவில், ஹீத் என்னும் ஆங்கிலேயர் அங்கு இக்கல்லை வெட்டி எடுத்தார். உரோமானிய–இந்திய வணிகம் பற்றி 1928இல் நூல் வெளியிட்ட வார்மிங்டன், பண்டைய பெரில் கிடைத்த இடங்களாகப் படியூரையும் வாணியம்பாடியையும் மைசூர்ப் பகுதியிலுள்ள புன்னாட்டையும் குறிப்பிடுகிறார். தாலமியின் புவியியல் நூல் பெரில் கிடைக்கும் இடமாகப் புன்னாட்டா என்னும் ஊரைக் கூறுகிறது. அதனைப் புன்னாட்டோடு பொருத்துவாரும் படியூரோடு பொருத்துவாரும் உளர். பெயரொலி புன்னாட்டிற்கே சார்பாக உள்ளது.

பிளினி தம் இயற்கை வரலாற்றின் 37ஆம் நூலில் பெரில் இந்தியாவில் கிடைப்பது, பிறவிடங்களில் அரிது எனத் தெளிவாகக் கூறுகிறார். கடலின் பசுமையை ஒத்தவையே உயர்ந்தவை என்கிறார். ஒளி பிறப்பதற்காகக் கைவினைஞர் இதனை ஆறு பக்கமாகத் தீட்டுகின்றனர் என்றும், சிலர் இது பிறக்கும்போதே கோணமுடையது எனக் கருதுகின்றனர் என்றும் எழுதுகிறார். அந்தச் சிலர் கூற்றிலேயே உண்மை மிகுதி என்பதைப் பட்டை தீட்டாத பெரிலைக் கண்ட காங்கேயம் பகுதியினர் அறிவர். பளிங்குக்கு நிறமேற்றிப் போலிப் பெரில் செய்யவும் இந்தியர் கற்றிருந்தனர் என்னும் அவர் குறிப்பு, அக்கல்லின் சந்தை மதிப்பைக் காட்டும் நல்ல சான்று.

கொடுமணல் அகழாய்வுகள் இச்செய்திகளுக்கு மண்ணிலிருந்து உருவம் கொடுத்தன. தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சார்பில் எ. சுப்பராயலு, கா. ராஜன் ஆகியோர் 1980களின் இடைப்பகுதியில் தொடங்கிய ஆய்வுகளிலும், பின்னர் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் கா. ராஜன் நிகழ்த்திய ஆய்விலும், நீலக்கல், பெரில், பளிங்கு, செவ்வந்திக்கல், சூதுபவளம் முதலியவற்றாலான மணிகள் கிடைத்துள்ளன. முழுமை பெற்றவையும் அரைகுறையாக நின்றவையும் சில்லுகளும் ஒருங்கே கிடைத்தமையால் இவ்வூர் மணித்தொழிற்கூடமாக விளங்கியது என்பது உறுதியாகிறது. அறிவியல் காலக்கணிப்புகள் இவ்வூர் வாழ்வை கி.மு. 4ஆம் நூற்றாண்டு அளவிற்கு முன்கொண்டு செல்கின்றன. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கருவூர் நோக்கிச் செல்லும் வழியில் கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட உரோமானிய வெள்ளிக்காசுகள் வெளிப்பட்டன. பின்னரும் அவ்வூரில் காசுக்குவியல்கள் கிடைத்தன. கொங்கின் கல் மேற்றிசைக் கப்பலை அடைந்த வழி இதுவாகலாம்.

கொடுமணல் பானையோடுகளில் தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்ட பெயர்கள் கிடைத்துள்ளன. அவற்றுள் தமிழ்ப் பெயர்களோடு பிராகிருதச் சார்புடைய பெயர்களும் உள்ளன. வணிகக் குழுவைக் குறிக்கும் நிகம என்னும் சொல்லும் அங்குக் காணப்படுகிறது. மணியின் மதிப்பை நோக்கப் பானையோடு எளிய பொருளே. ஆனால் சொல்வரலாற்றிற்கு மணியைவிட இப்பானையோடே பெரிய சான்று. கல்லை வெட்டியவரும் தீட்டியவரும் தமிழராயினும், அதை வாங்கி வடக்கே கொண்டுசென்றவருள் பிராகிருதம் வழங்கியோர் இருந்தனர் என்பதை அது காட்டுகிறது.

வேளுரிய முதல் பேருல்லோஸ் வரை

பெரிலின் கிரேக்கப் பெயர் பேருல்லோஸ், இலத்தீனில் பெரில்லுஸ். இதன் மூலம் இந்தியச் சொல் என்பதில் அகராதியாளரிடையே கருத்து வேறுபாடு இல்லை. பாலியில் வேளுரிய, பிராகிருதத்தில் வேருலிய, வடமொழியில் வைடூர்ய எனும் வடிவங்கள் வழங்குகின்றன. கிரேக்க வடிவத்தில் ரகரம் முன்னும் லகரம் பின்னும் வருவதால், அது வேருலிய என்னும் பிராகிருத வடிவத்தையே ஒட்டியது. இந்திய வகரம் கிரேக்கத்தில் பகர ஒலியாக எழுதப்படுவதற்கு இஞ்சியின் பெயர் துணைச்சான்று: பாலி சிங்கிவேர, கிரேக்கத்தில் சிங்கிபெரிஸ் ஆயிற்று.

வடமொழி வடிவமே மூலம், பாலி வடிவம் அதன் சிதைவு என முன்னர்க் கருதப்பட்டது. அதற்கு நேர்மாறாக நிகழ்ந்திருக்கவும் இடமுண்டு. வேர என்பதற்கு வைர, சுரிய என்பதற்குச் சூர்ய, பீளா என்பதற்குப் பீடா எனப் பாலிக்கும் வடமொழிக்கும் இடையே முறையான ஒலியிணைகள் உள்ளன. இவற்றை அறிந்த புலவர் ஒருவர் வேளுரிய என்னும் வழக்குச் சொல்லைக் கேட்டால், ஏகாரத்தை ஐகாரமாகவும் ளகரத்தை டகரமாகவும் உரிய என்பதை ஊர்ய எனவும் திருத்தி வைடூர்ய என எழுதிவிட இயலும். மூலமில்லாச் சொல்லுக்கு வடமொழி உருவம் அமைக்கப்பட்டதெனில் அதற்கு ஒரு காரணமும் காட்டவேண்டியிருந்திருக்கும். அக்காரணத்தைப் பாணினியின் இலக்கணத்தில் காணலாம். விதூரம் என்னும் இடத்திலிருந்து வருவதால் வைதூர்யம் என்பது அவர் விதி. இவ்விதிக்கு உரைவகுத்த பதஞ்சலிக்கு ஓர் இடர்ப்பாடு தோன்றுகிறது. கல் பிறப்பது விதூரத்தில் அன்று. வாலவாயம் என்னும் மலையில் பிறக்கிறது, விதூரத்தில் தீட்டப்படுகிறது என்கிறார் அவர். வாரணாசியை வணிகர் வேறொரு பெயரால் வழங்குவதுபோல இலக்கணிகள் வாலவாயத்தையே விதூரம் என்றனர் எனவும் அமைதி கூறுகிறார்.

இப்பகுதி விதூரத்தைக் கொடுமணலாகவும் வாலவாயத்தைப் படியூராகவும் அடையாளப்படுத்தும் ஆவலைத் தூண்டலாம். அதற்குச் சான்று இல்லை. பதஞ்சலியின் கூற்றிலிருந்து பெறத்தக்க உண்மை அதனினும் பயனுடையது: கல் வெட்டும் இடமும் தீட்டும் இடமும் வேறுவேறு என்பதையும், சந்தையில் கல்லின் பெயர் தீட்டும் இடத்தையோ விற்கும் இடத்தையோ ஒட்டி அமையலாம் என்பதையும் பண்டைய இலக்கணிகள் அறிந்திருந்தனர். படியூர்–கொடுமணல் அமைப்பும் அத்தகையதே. எவ்வளவு சிறந்த கல்லை ஈந்தபோதும் படியூரின் பெயர் எச்சொல்லிலும் ஏறாமைக்குக் காரணம் இதுவாகலாம்.

வைடூரியம் என்பது இன்று தமிழில் பூனைக்கண் போன்ற ஒளிக்கீற்றுடைய வேறொரு கல்லைக் குறிக்கிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் தெளிந்த தேன்நிறமாகக் கூறப்படும் மணியை உரைகள் வைடூரியம் எனக் கொள்கின்றன. ஆயின் அர்த்தசாத்திரம் வைடூரிய வகைகளுக்கு நீரின் நிறம், மூங்கிலின் நிறம், கிளிச்சிறகின் நிறம் முதலியவற்றை உரைக்கிறது. இவை பெரிலுக்கே பொருந்துவன. பெரில் அரிதாகி வழக்கிழந்தபின் பெயர் மற்றொரு மணிக்கு மாறியது எனக் கொள்வது தகும். அர்த்தசாத்திரத்தில் வைடூரியம் எனும் சொல் வரும் இடங்களை எல்லாம் இன்றைய பொருளில் மொழிபெயர்ப்பது பிழைக்கு இடந்தரும்.

திராவிட மூலம் பற்றிய கருத்துகள்

வேளுரிய என்பதன் மூலம் திராவிடச் சொல்லாகலாம் என்னும் கருத்தை மேலை அகராதிகள் பலவும் ஐயக்குறியோடு பதிவு செய்துள்ளன. வேளூர் அல்லது வேலூர் என்னும் ஊர்ப்பெயரிலிருந்து வந்தது என்பது ஒரு சாரார் கருத்து. வெளிறு, விளர் என வெண்மை குறிக்கும் தமிழ்ச் சொற்களோடு தொடர்புடையது என்பது மற்றொரு சாரார் கருத்து.

ஊர்ப்பெயர்க் கருத்து எளிதில் ஏற்கத் தோன்றுவது. எனினும் தென்னாட்டில் வேலூர், வேளூர், பேலூர் எனும் பெயருடைய ஊர்கள் பல. அவற்றுள் எதுவும் பண்டைக்காலத்தில் பெரிலுக்கு இடமாக இருந்தது என்பதற்குக் கல்வெட்டோ தொல்பொருளோ காட்டப்படவில்லை. சொல்லுக்கேற்ற ஊர் தேடப்படுகிறதேயன்றி ஊரின் சான்றிலிருந்து சொல் பெறப்படவில்லை. வெளிறு, விளர் என்பன ஒலியாலும் பொருளாலும் இதனினும் பொருத்தமானவை. படியூர்ப் பகுதியின் கல் பெரும்பாலும் வெளிர்நீலமாகவே இருத்தலின், 'நிறம் வெளிறிய கல்' என்னும் பொருள் இயல்பானதே. ஆயினும் ஒரு தடை உண்டு. இஞ்சிவேர் என்பதிலிருந்து பாலி சிங்கிவேர பிறந்தது என்று துணிவதற்குக் காரணம், இஞ்சி, வேர் என்னும் இரு சொற்களும் இன்றளவும் தமிழில் அப்பொருளில் வழங்குவதே. பெரிலுக்கு அத்தகைய மரபுப்பெயர் தமிழில் எஞ்சவில்லை; வைடூரியம் என்பது வடமொழி வடிவத்தைத் திரும்பப் பெற்றது. ஆகவே திராவிட மூலம் நிகழக்கூடியது எனலாமேயன்றி நிறுவப்பட்டது எனல் இயலாது.

உரோமானிய வணிகர் கொங்குநாட்டில் இச்சொல்லைக் கேட்டுக் கொண்டுசென்றனர் என்னும் கூற்றும் திருத்தத்திற்குரியது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தில் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்ட யாத்திராகமத்தில், குருவின் மார்புப் பதக்கக் கற்களுள் ஒன்றாகப் பேருல்லியோன் இடம்பெறுகிறது. பருவக்காற்றைப் பயன்படுத்திய உரோமானியக் கப்பல்கள் முசிறிக்குப் பெருவாரியாக வருவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே சொல் கிரேக்கத்தில் இருந்தது. அக்காலத்திலேயே கொடுமணலில் மணித்தொழில் நடைபெற்றது என்பதையும் பிராகிருத வடிவமே கிரேக்கத்தில் பதிவாயிற்று என்பதையும் இணைத்து நோக்கினால், கல் முதலில் வட இந்தியச் சந்தைகளை அடைந்து, அங்கிருந்து பெயரோடு மேற்கே சென்றது எனக் கொள்வதே பொருந்தும்.

மரகதத்தின் எதிர்வழி

முத்துக்கும் பெரிலுக்கும் இடையிலான வேறுபாட்டை மரகதம் என்னும் சொல் வலுப்படுத்துகிறது. மரகதமும் பெரிலும் கனிம வகையால் ஒன்றே. பெரில் இந்தியாவிலிருந்து உரோமுக்குச் சென்றது. மரகதமோ எகிப்தின் கிழக்குப் பாலைநிலச் சுரங்கங்களில் எடுக்கப்பட்டது. அதன் கிரேக்கப் பெயரான ஸ்மராக்தொஸ், அல்லது அதற்கு மூலமான செமித்தியச் சொல், வடமொழியில் மரகத என ஆகித் தமிழுக்கு வந்தது என்பர். ஒரே கனிமத்தின் இரு வகைகள் தத்தம் பெயர்களோடு எதிரெதிர்த் திசைகளில் சென்றுள்ளன. இரண்டிலும் கல் எத்திசையிலிருந்து வந்ததோ அத்திசையிலிருந்தே பெயரும் வந்தது. பெற்றவரிடம் அக்கல்லுக்கு முன்பெயர் இல்லாமையே இதற்கு இடம் அளித்தது. முத்துக்கு அந்நிலை வாய்க்கவில்லை.

கல்லிலிருந்து கண்ணாடிக்கு

இடைக்கால ஐரோப்பாவில் பெரில்லுஸ் என்னும் சொல் தெளிந்த கற்கள் பிறவற்றையும் பளிங்கையும் குறிக்கும் அளவிற்குப் பொருள் விரிந்தது. அரபு மொழியில் பளிங்கைக் குறிக்கும் பில்லௌர் என்பதும் இச்சொற்குடும்பத்தைச் சேர்ந்ததே. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் மூக்குக்கண்ணாடி தோன்றியபின், செருமானியர் அதன் வில்லைக்குக் கல்லின் பெயரையே வழங்கினர். அதுவே இன்றைய செருமானிய பிரில்லெ, டச்சு பிரில். பழைய பிரெஞ்சின் பெரிக்ள் என்னும் வடிவம் பெசிக்ள் எனத் திரிந்து அதே பொருளில் வழங்கியது. 1458இல் நிக்கோலாஸ் குசானுஸ் எழுதிய மெய்யியல் நூலுக்குப் பெரிலே தலைப்பாயிற்று. காண இயலாததைக் காண உதவும் வில்லையாக அக்கல்லை அவர் உருவகித்தார்.

ஒளிர்தலைக் குறிக்கும் இத்தாலியப் பிரில்லாரெ, பிரெஞ்சுப் பிரியே ஆகியவையும், பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்திற்கு வந்த பிரில்லியன்ட் என்பதும் இக்கிளையினவே என்று பலரும் கருதுவர். இது பிரில்லெ அளவிற்கு உறுதியானதன்று. உறுதியெனின், கோயம்புத்தூரில் நன்கு படிக்கும் மாணவரைப் பாராட்ட இன்று எளிதாக எடுத்தாளப்படும் 'பிரில்லியன்ட்' என்னும் சொல், அந்நகருக்குக் கிழக்கே ஒருநாள் நடைத்தொலைவுக்குச் சற்று அப்பால் கிடைத்த கல்லின் பெயரோடு உறவுடையதாகும்.

1798இல் வோக்லான் பெரிலிலும் மரகதத்திலும் புதிய தனிமத்தின் ஆக்சைடு இருப்பதைக் கண்டறிந்தார். 1828இல் வோலரும் புசியும் தனித்தனியே அதனைப் பிரித்தெடுத்தனர். பெரிலியம் என்னும் அதன் பெயர் இவ்வரிசையின் கடைசிச் சொல்.

குருந்தம்

அதே 1798ஆம் ஆண்டில் கிரேவில் என்பார் ஆசியக் குருந்தக்கல்லைப் பற்றி இலண்டன் அரச கழகத்தில் கட்டுரை அளித்தார். ஆங்கிலத்தில் கொரண்டம் என வழங்கும் சொல் தமிழ்க் குருந்தம் என்பதிலிருந்து பெறப்பட்டது; வடமொழியில் குருவிந்தம் இதன் இனச்சொல். கெம்பும் நீலமும் இக்கனிமத்தின் வகைகளே. வைரத்திற்கு அடுத்த கடினம் உடைமையால் இதன் தூளை அரக்கோடு கலந்து சாணைக்கல் செய்வது இந்திய மணித்தொழிலின் பழைய முறை. பெரிலின் பட்டைகளைத் தீட்டக் குருந்தத்தின் கடினம் போதும். காங்கேயம் வட்டத்தில் படியூருக்கு அணித்தே உள்ள சிவன்மலைப் பாறைகளில் குருந்தம் கிடைப்பதை நிலவியலாளர் பதிவு செய்துள்ளனர்.

பெரிலின் பெயர் பிராகிருதம் பேசிய வணிகர் வாயிலாகச் சென்றது. அதனால் அதன் தமிழ் உரு, இருந்திருப்பினும், இன்று அடையாளம் காண இயலாதவாறு மறைந்தது. குருந்தம் ஐரோப்பியர் கையை அடைந்த 18ஆம் நூற்றாண்டில் கற்களைத் தேடிய கனிமவியலாளர்க்கும் தென்னாட்டார்க்கும் இடையே மற்றொரு வணிகமொழி தேவைப்படவில்லை. ஆதலின் அச்சொல் தமிழ் மகர ஈற்றோடு, இலத்தீன் பெயரென மயங்கும் தோற்றத்தில், கனிமவியல் நூல்களில் நிற்கிறது.